ஆந்தையின் மறு பாதி

என் அப்பா வரைந்த குழந்தைப் புத்தகத்தில் எந்த மிருகத்துக்கும் இரண்டு கண் கிடையாது. யானைக்கு ஒரு காது, ஒரு தந்தம், பாதித் தும்பிக்கை. கரடிக்கு ஒரு கை. குரங்கின் சிரிப்பு மூக்குக்கு நேராக வந்து நின்றுவிடும். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் ஏதோ நவீனம் என்று தலையாட்டுகிறார்கள். நவீனமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அது ஒரு தப்பு. பட்டுச் சேலைக்கு டிசைன் வரைகிற ஆளைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத தப்பு.

அப்பாவுக்கு அதுதான் தொழில். கட்டம் போட்ட கிராப் பேப்பரில், கட்டத்துக்கு ஒரு இழை என்று கணக்கு வைத்து, சேலைக் கரைக்கும் முந்திக்கும் மயிலும் யாளியும் வரைந்து கொடுப்பார். அதைப் பார்த்து அட்டையில் துளை அடிப்பார்கள். அந்த அட்டை தறிக்கு மேலே ஏறும். இடமும் வலமும் ஒன்றுபோல வருகிற உருவம் என்றால் பாதி வரைந்தால் போதும், மறு பாதியைத் தறியே திருப்பிப் போட்டு நெய்துகொள்ளும். முழுசாக வரைகிறவர்களைப் பார்த்தால் அப்பாவுக்குச் சிரிப்பு. "பாதிய தறி பாத்துக்கும்போது நீ ஏன்யா கை நோவ வரையுற" என்பார்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் ஒரு கதை எழுதினார். வழி தவறிய கன்றுக்குட்டி ஒன்று காட்டில் ஒவ்வொரு மிருகத்திடமும் போய் வீட்டுக்கு வழி கேட்கிறது. அவ்வளவுதான் கதை. கேட்கப்பட்ட மிருகம் புத்தகத்துக்குள்ளிருந்து நேராகப் பார்க்கும், படிக்கிற பிள்ளைதான் கன்றுக்குட்டி. தலைமையாசிரியரும் அப்பாவும் ஒன்றாகத் தேரடியில் பட்டம் விட்டு வளர்ந்தவர்கள். படம் போட்டுக் கொடு என்று அவர் கேட்டார், அப்பாவும் பன்னிரண்டு மிருகங்களை வரைந்து கொடுத்தார். எல்லாம் நேர் முகம். எல்லாம் பாதி.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சின்ன அச்சகத்துக்காரர் படங்களை வாங்கிப் பார்த்திருக்கிறார். கை தேர்ந்த ஆள், ஏதோ யோசித்துத்தான் செய்திருப்பார் என்று வாயை மூடிக்கொண்டு, பக்கத்தின் இடது பாதியில் படமும் வலது பாதியில் வெறும் வெள்ளையுமாக அடித்து, தைத்து, கட்டி, எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தார். அப்பா ஒரு பிரதியைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னாய்யா இது, மீதி எங்க?"

"நீ குடுத்தததான் போட்டேன். மீதி உங்கிட்ட இருக்குதோ என்னமோன்னு நெனச்சேன்."

"திருப்பிப் போட்டுக்க வேண்டிதுதானே?"

"திருப்பிப் போட இது இன்னா தறியா?"

அப்பா இரண்டு நாள் தெருவில் தலைகாட்டவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது, அதிலும் பாதிக் குரங்கு என்று அம்மா வேறு சொல்லிக் காட்டினாள். மூன்றாம் நாள் தலைமையாசிரியர் கையில் ஐந்தாறு பிரதிகளோடு வீட்டுக்குள் நுழைந்தார். பிள்ளைகள் கையில் கொடுத்த மறுநாளே எல்லாப் பக்கத்திலும் மறு பாதி வந்துவிட்டிருந்தது. எவனும் சொல்லிக்கொடுக்கவில்லை. கரடியின் இன்னொரு கையில் ஒருத்தி குடை கொடுத்திருந்தாள். ஒருவன் யானையின் மறு பாதியைத் தன் தாத்தாவாக வரைந்திருந்தான், மீசை சகிதம். அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அதற்கப்புறம் ஊரில் பிள்ளை இருக்கிற வீட்டுக்கெல்லாம் அந்தப் புத்தகம் போனது. அப்பா எந்த வீட்டுக்குப் போனாலும் தண்ணீர்ச் செம்பு வருவதற்கு முன்னால், "மறுபாதி எங்க, காட்டு பாக்கலாம்" என்று பிள்ளையைக் கூப்பிடுவார். நீங்களே ஒருதரம் முழுசாக வரைந்து காட்டுங்கள் என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். வரையவே மாட்டார். "அது என் வேல இல்லபா. அது புள்ளைங்க வேல" என்று முடித்துவிடுவார்.

ஏறக்குறைய பதினான்கு வருஷம் கழித்து, நான் அதே பள்ளியில் டீச்சராகச் சேர்ந்திருந்த சமயம், ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து சொம்பு விழுந்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சு போய் "ம்" என்ற ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. தெருவெல்லாம் வந்து பார்த்தது. இரண்டு மாதத்தில் வருகிறவர்கள் குறைந்தார்கள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்க ஆரம்பித்தார். அம்மா கஞ்சியை ஊட்டினால் பாதி கடைவாயில் வழியும், மீதியை விழுங்க மனசில்லாமல் வைத்திருப்பார். உடம்பில் இன்னும் தெம்பு இருக்கிறது, ஆள்தான் மனசு விட்டுவிட்டார், அதற்கு என்னிடம் மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

நான் என்ன செய்வேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் புத்தகம் ஒன்றுதான். என் வகுப்பில் இருந்த நாற்பது பிள்ளைகளில் ஒன்றுகூட அதைப் பார்த்ததில்லை. பழைய பிரதிகள் கிழிந்து, பரணில் ஏறி, பலகாரம் கட்டப் போய்விட்டிருந்தன. அது மறுபடி அச்சாகி, புதுப் பிள்ளைகள் நாலு பேர் இந்த வீட்டு வாசலில் வந்து "மறுபாதி வரைஞ்சிருக்கேன், பாருங்க" என்று நின்றால் அப்பா சுவரிலிருந்து திரும்புவார். இது யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானாகப் போட்டுக்கொண்ட முடிச்சு. போட்ட பிறகு அவிழ்க்கத் தெரியவில்லை, அப்பாவின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று நம்பிவிட்டேன்.

மெட்ராஸில் குழந்தைப் புத்தகம் போடுகிறவர்கள் எல்லோருக்கும் எழுதினேன். மாசி மாதம் ஒரே ஒரு பதில் வந்தது, டைப் அடித்த கடிதம். பள்ளி திறக்கும்போது வெளியிடும் வரிசையில் ஒரு இடம் இருக்கிறது, படங்கள் நன்றாக இருந்தால் போடலாம். மூலப் படங்கள் வேண்டும், இல்லையென்றால் சுத்தமான ஒரு பிரதி. அதில் ஒரு கோடு கூடுதலாக இருந்தாலும் பயன்படாது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் இடத்தை வேறு புத்தகத்துக்குக் கொடுத்துவிடுவோம். இவ்வளவுதான் விஷயம். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். டைப் அடித்து வந்த எழுத்து என்றால் டீச்சர்களுக்கு ஒரு பயம் உண்டு.

மூலப் படங்கள் அச்சகப் பரணில் கரையான் அரித்துப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. படங்களின் அச்சுக் கட்டைகளை, அச்சகம் மூடியபோது, ஈயத்தோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். அச்சகத்துக்காரர் வீட்டுத் திண்டில் சாய்ந்துகொண்டு, "பாதிப் படம்மா அது, யாருக்கு ஒதவப் போவுதுன்னு நெனச்சிட்டேன்" என்றார். அந்த வயசான மனிதரிடம் நான் என்ன சண்டை போட.

எங்கள் வீட்டுப் பிரதியைப் பார்க்கவே வேண்டாம். அதை நாசம் செய்தவள் நானேதான். மறு பாதி வரைந்ததோடு விடாமல், பக்கத்து வீட்டுச் சாயப் பட்டறையிலிருந்து சாயத்தண்ணீர் கொண்டுவந்து, அப்பா வரைந்த பாதி மேலேயே அரக்கும் பச்சையுமாகப் பூசி வைத்திருந்தேன். யானை அரக்கு நிறத்தில் முத்து முத்தாக வியர்த்துக்கொண்டு நின்றது. அந்தக் கையை ஒடித்திருக்க வேண்டும்.

ஒன்பது நாள் இருந்தது. அலையாய் அலைந்தேன். பள்ளி விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தெருவாகப் போவேன். சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்து வீதி ஒன்றில், கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற ஒருத்தி டிரங்குப் பெட்டியைக் குடைந்து எடுத்து வந்தாள். கைநீட்டி வாங்கினேன். பிரித்தால், பென்சிலில் ஒரு மறு பாதி, அதற்கு மேலே அவள் தம்பி மையில் போட்ட இன்னொரு மறு பாதி.

"இத்த நான் போட்டேன், இத்த அவன் போட்டான். இதுக்கே அடிச்சிக்கினோம், டீச்சர். பாருங்க, பல்லு தடம்கூட இருக்குது" என்று சிரித்தாள்.

பார்த்தேன். புத்தகத்தின் ஓரத்தில் நிஜமாகவே பல் தடம் இருந்தது. வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் உட்கார்ந்து அதைப் பார்த்து ரசித்திருப்பேன். அன்று அவள் மேல் கோபம்தான் வந்தது. உனக்கென்ன, நீ சிரிப்பாய் என்று மனசுக்குள் வைதுகொண்டே படியிறங்கினேன்.

ஓரிக்கையில் ஒரு விவசாயி வீடு. மகன் கட்சிக்காரனாகிவிட்டான், வெள்ளை வேட்டியில் கரை பளிச்சென்று இருந்தது. "எங்கிட்ட இருக்குதுபா அந்த புக்கு. நான் மொதல்ல வரைஞ்ச படமே அதுலதான். செவுத்துல சின்னம் வரையறதுக்கு கை வந்ததே அப்பறந்தான்" என்று பெருமையாக எடுத்துக் காட்டினான். பன்னிரண்டு மிருகத்துக்கும் மறு பாதி பென்சிலில், படு சுத்தமாக, ஒரு சாயமும் இல்லாமல். சுத்தமாக இருந்து என்ன. ஒரு கோடு கூடுதலாக இருந்தாலும் பயன்படாது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். அவன் முகம் விழுந்துவிட்டது.

பார்த்த பிரதியெல்லாம் இப்படித்தான். பென்சில், மை, கரி, குங்குமம், சலவை நீலம். அந்தப் புத்தகம் ஊருக்கு எவ்வளவு பிடித்திருந்ததோ அவ்வளவு எனக்குத் துரோகம் செய்திருந்தது. யாருக்கும் பிடிக்காத புத்தகமாக இருந்திருந்தால் கட்டுக்கட்டாகக் கிடைத்திருக்குமே என்று தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

பள்ளி அலமாரியில் கிடைத்த ஒரு பிரதியில் ரப்பர் போட்டு அழித்துப் பார்த்தேன். பழைய தாள், இரண்டு தேய்ப்பில் பஞ்சு பஞ்சாக எழும்பி முயலின் காது இருந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. பட்டர் பேப்பர் வைத்து நானே கோட்டுக்குக் கோடு எடுத்துப் பார்த்தேன். கரடி இருந்தது, ஆனால் அது அப்பாவின் கரடி இல்லை. அப்பாவின் கோடு கட்டத்துக்குக் கட்டம் எண்ணிப் போவது. வளைவுகூட ஒவ்வொரு படியாக இறங்கும். என்னுடையது வழுக்கிக்கொண்டு போனது. அதை அப்பாவிடம் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார்.

புதன்கிழமை ராகு காலத்தில் பிறந்தவள் நான், எனக்கு எது நல்லபடி நடந்தது என்று அன்று ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தேன். வியாழக்கிழமை மத்தியானம் அம்மா ரேஷன் கடை வரிசையிலிருந்து பையைக்கூட இறக்காமல் நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டில் கோடே விழாத பிரதி ஒன்று இருக்கிறதாம். அந்த வீட்டம்மா யாரையும் தொடவிட மாட்டாளாம். வரிசையில் நின்றவள் ஒருத்தி சொன்னாள் என்றாள். அப்போதிருந்த தலைமையாசிரியரிடம் சொல்லக்கூட இல்லை, வகுப்பைப் பக்கத்து டீச்சர் தலையில் கட்டிவிட்டு ஓடினேன்.

சின்ன வீடு. கணவர் உள்ளே தறியில் இருந்தார். அந்தம்மா கூடத்தில் ராட்டினத்தில் பட்டு சுற்றிக்கொண்டிருந்தாள், நாற்பதை ஒட்டிய வயசு. நான் யார், எதற்கு வந்தேன், அப்பா எப்படிக் கிடக்கிறார் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் ராட்டினத்தை நிறுத்தினாள். எழுந்து போய், சாமி மாடத்துக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்து, பழம்பட்டுத் துண்டில் சுற்றிய புத்தகத்தை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஏழாம் மாசம் நடந்துக்கினு இருந்துச்சு. அப்ப வாங்கியாந்தாரு. தங்கல. அப்பறமும் தங்கல." அவள் துணியைப் பிரிக்கவில்லை. "எங்க வூட்ல வரையறதுக்கு யாரு இருக்காங்க சொல்லு. அதான் அப்டியே இருக்குது."

"அக்கா, பத்திரமா கொண்டாந்து குடுத்துடுறேன். ஒரு கோடு விழாது."

"எடுத்துக்கினு போமா. உங்கப்பா போட்டதுதானே" என்றாள். கொடுக்கும்போது ஒருதரம் கையை இழுத்துக்கொண்டாள், பிறகு கொடுத்தாள்.

சைக்கிளில் வரும்போது புத்தகத்தை இடுப்பில் சொருகி முந்தானையால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். வீட்டில் வந்து பிரித்தோம். பன்னிரண்டு பக்கமும் புதுசு. யானை, கரடி, குரங்கு, புலி, ஆந்தை, எல்லாம் பாதிப் பாதியாக, பக்கத்திலேயே வெள்ளையாக. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்பாவைச் சுவரிலிருந்து திருப்பி, தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார வைத்தோம். அவர் சாப்பிட வைக்கிற பலகையை மடிக்கு மேலே போட்டு, புத்தகத்தை அதில் வைத்தேன். இடது கையால் முதல் பக்கத்தைத் திருப்பினார். இரண்டாவதைத் திருப்பினார். பல மாதத்துக்கு அப்புறம் அவர் கண் ஒரு பொருளின் மேல் நின்றதைப் பார்த்தேன். "அப்பா, மெட்ராஸ்ல போடப் போறாங்கப்பா. நெறைய புள்ளைங்க பாக்கும்" என்று சொன்னேன். "ம்" என்றார்.

மணி ஐந்து ஆகியிருக்கும். காலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அழுக்காகாமல் இருக்கப் புத்தகத்துக்குக் கெட்டி அட்டை தேடிக்கொண்டு நான் பின்கட்டுக்குப் போனேன். என் பள்ளிக்கூடப் பையைக் கட்டிலோரத்திலேயே வைத்துவிட்டுப் போனேன். நோட்டுத் திருத்துகிற பென்சில் அதற்குள் துருத்திக்கொண்டிருந்திருக்கிறது. நான்தானே வைத்தேன், வேறு யாரைச் சொல்ல.

அம்மா கூடத்திலிருந்து மெதுவாகக் கூப்பிட்டாள். "ஏ, இங்க வா. சத்தம் போடாம வாடி. உங்கப்பா இன்னா பண்றாரு பாரு."

போய் நின்றேன். அப்பா இடது கையில் பென்சிலைப் பிடித்திருந்தார், பிள்ளைகள் பிடிப்பதுபோல முஷ்டியாக. பலகையில் ஆந்தைப் பக்கம். ஆந்தையின் மறு பாதித் தலை பாதி தூரம் வந்துவிட்டிருந்தது. காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த இறகு வந்துவிட்டது. கண்ணின் வட்டத்தை ஆரம்பித்திருந்தார். கோடு நடுங்கி நடுங்கி, நின்று நின்று போனது. நாக்கின் நுனி கோணின வாயோரத்தில் வெளியே வந்திருந்தது. அம்மா மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர்.

நான் என்ன பார்த்தேன் தெரியுமா. நான் அப்பாவைப் பார்க்கவில்லை. அவர் கை அசைந்ததைப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்தேன். ஒரு கோடு கூடுதலாக இருந்தாலும் பயன்படாது.

"அப்பா, இன்னாப்பா பண்ற" என்று கத்திக்கொண்டே புத்தகத்தைப் பிடுங்கினேன். பென்சில் இழுபட்டு ஆந்தையின் வயிற்று வரைக்கும் ஒரு கீற்று விழுந்தது. அவர் கை பலகை மேல் அப்படியே நின்றது, பென்சிலோடு.

பையிலிருந்து ரப்பரை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"உடுடி. அது அவரு போட்டதுடி."

"நாளைக்கு குடுக்கணும்மா. நாளைக்கு கடைசி நாள். உனக்கு புரியுதா இல்லியா?"

"அவரு கை போட்டதுடி. இந்த ஆறு மாசத்துல…"

கையை உதறினேன். கட்டிலுக்குப் பக்கத்திலேயே, அவர் பார்க்கப் பார்க்க, தரையில் உட்கார்ந்து அழித்தேன். தாள் பஞ்செழும்பக் கூடாது என்று மூச்சை அடக்கிக்கொண்டு, நகக்கண் அளவு நகக்கண் அளவாகத் தேய்த்தேன். முதலில் கீற்று. பிறகு அந்தக் கண்ணின் வட்டம். பிறகு இறகு. நன்றாக அழுத்தி வரைந்திருந்தார், தடம் மட்டும் போகவில்லை. ரப்பர் தூளை வாயால் ஊதினேன். நிமிர்ந்தபோது அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். தப்புச் செய்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி பார்த்தார். பென்சிலை ஓசைப்படாமல் பலகை மேல் வைத்தார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நான் எத்தனை பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மெட்ராஸில் பதிப்பகத்தில் பிரதியைக் கொடுத்தேன். பதிப்பாசிரியர் நல்ல மனிதர். படங்களைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பற்றி விசாரித்தார், போடுகிறோம் என்று அப்போதே சொல்லிவிட்டார். பாதிப் படமாகவே போட வேண்டும், பிள்ளைகளுக்கு இடம் விட வேண்டும் என்றதற்கும் ஒத்துக்கொண்டார். பின்சந்தில் படத்தைப் போட்டோ எடுத்து அச்சுக் கட்டை, அதாவது பிளாக், செய்கிறவரிடம் நாமே கொடுத்துவிடலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த ஒரு கால் மணி நேரம் நான் செய்ததெல்லாம் சரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிளாக் செய்கிறவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஆந்தைப் பக்கத்தில் நின்றார். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார்.

"இங்க எதுனா வரைஞ்சிருந்துதா?"

"ஆமாங்க. பென்சில். அழிச்சிட்டேன். தெரியுதா? படத்துல உழுமா?" பதறிப்போய்க் கேட்டேன்.

"உழாது. ஆனா எதுக்குமா அழிச்சீங்க, பாவம், தாள் நோவுதே. படம் இந்தப் பக்கம் பாதிதானே? அந்தப் பக்கத்துமேல ஒரு வெள்ளத் தாள வெச்சி மூடிட்டு போட்டோ எடுத்துடுவேன். எப்பிடியும் மூடத்தான் போறேன், தாள் பழுப்பாயிருக்குதில்ல. அந்தப் பக்கம் மகாபாரதமே எழுதியிருந்தாலும் எனக்கு இன்னா?"

பதிப்பாசிரியர் ஏதோ சொன்னார். நான் கேட்கவில்லை. ஓரிக்கையில் திருப்பிக் கொடுத்த பிரதி ஞாபகத்துக்கு வந்தது, ஒரு சாயமும் படாமல் பென்சில் மட்டும் இருந்தது. அதைப்போல நாலைந்து பிரதிகளை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு வெள்ளைத் தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கும்.

புத்தகம் பள்ளி திறக்கிற சமயத்தில் வந்தது. பதினைந்து நாளில் என் வகுப்பில் இருந்த நாற்பது பிள்ளைகளும் மறு பாதி வரைந்துவிட்டார்கள். வேறு ஊர்ப் பிள்ளைகள் வரைந்து பதிப்பகத்துக்கு அனுப்பியதையெல்லாம் அங்கே கட்டாகக் கட்டி எனக்கு அனுப்பினார்கள். நான் வேண்டிக்கொண்டது அப்படியே நடந்தது. பிள்ளைகள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அப்பா திரும்பிப் பார்த்தார், "ம்" என்றார், ஒருசில முறை சிரிக்கவும் சிரித்தார். பிள்ளையார்பாளையத்து அக்காவிடம் பழைய பிரதியைத் திருப்பிக் கொடுத்தேன். கோடு விழவில்லை என்று சொன்னேன். அவள் பிரித்துப் பார்க்காமல் துணியில் சுற்றிக்கொண்டாள், நான் அந்தத் தெரு வழியாகப் போவதை நிறுத்திவிட்டேன்.

புதுப் புத்தகம் வந்த அன்றைக்கே நான் ஒன்று செய்தேன். அப்பாவின் மடியில் பலகையைப் போட்டேன். பதிப்பகம் கொடுத்த இருபது பிரதியையும் கட்டிலோரம் அடுக்கினேன். மேலே இருந்ததை எடுத்து ஆந்தைப் பக்கத்தைப் பிரித்து வைத்தேன். பென்சிலை நன்றாகச் சீவி அவருடைய இடது கைக்குள் வைத்து, விரல்களை நானே மடக்கினேன்.

"வரைப்பா. இதெல்லாம் உன்னுதுதான். எத்தன வேணும்னாலும் பாழாக்கு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்பா. வரைப்பா."

அவர் ஆந்தையைப் பார்த்தார். வெள்ளையாகக் கிடந்த அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார், அதில் ஏதாவது இருக்கிறதா என்பதுபோல. இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். ஒன்றும் இல்லைப்பா, ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

விரல் திறந்து பென்சில் உருண்டது. அப்பா இடது கையைப் போர்வைக்குள் இழுத்து வைத்துக்கொண்டார்.